தீர்ப்பும் சித்திரமும்

தீர்ப்பு அளித்தலோடு நீதிமன்றத்தின் தொழில் முடிவுறுகின்றது. அத்தீர்ப்பைப் பொதுமக்கள் எவ்வாறு விளங்கிக்கொண்டனர் என்பது வேறொரு வரலாறு. அவ்வரலாற்றில், கல்லொன்றுக்கு இவ்வளவு எனக் கூலிபெற்றுப் பத்திரிகைகளுக்குக் கேலிச்சித்திரம் வரைந்தோர்க்கு உரிய இடம் சிறிதன்று. 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பாரிசு நகரில் நிகழ்ந்தவை இதற்குத் தக்க சான்றாகும்.

1830 ஆம் ஆண்டு யூலைப் புரட்சியின் பயனாக லூயி பிலிப்பு மன்னர் அரியணை ஏறினார். தணிக்கை இனி ஒருபோதும் நிலைநாட்டப்படாது என அவ்வாண்டுச் சாசனம் உறுதி கூறிற்று. நவம்பரில் சார்ள் பிலிப்பொன் என்பார் 'லா கரிகாத்தூர்' என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். சுண்ணக் கல்லின்மீது நெய்ப்பசைக் கோலால் ஓவியர் தாமே வரைய, அவ்வரைவு அப்படியே தாளிற் பதியும் கல்லச்சு முறை அப்பொழுது வழக்கில் வந்திருந்தது. செதுக்குவோரை வேண்டாமையாற் சித்திரங்கள் விரைவில் வெளிவந்தன. கடையின் கண்ணாடிச் சாளரத்தில் அவை தொங்கவே, எழுத்தறியாதாரும் நின்று பார்த்தனர். அரசினர் அஞ்சியது இதனையே.

யூலைப் புரட்சியின் சுவடுகளைச் சாந்துபூசி மறைக்கும் கொத்தனாராக மன்னரைக் காட்டிய சித்திரத்துக்காக, 1831 நவம்பர் 14 இல் பிலிப்பொன் கூண்டேறினார். அங்கே அவர் நான்கு முகங்களை வரைந்து காட்டினார். முதலாவது மன்னர் முகம்; அடுத்தவை சிறிது சிறிதாகத் திரிந்தன; நான்காவது வெறும் பேரிக்காய். முகச்சாயல் குற்றமாயின் முதலாவதைத் தண்டிப்போர் ஈற்றிற் பேரிக்காயையும் தண்டித்தல் வேண்டும் என்பது அவர் வாதம். வழக்கின் வினா சாயல்பற்றியதன்று, உள்நோக்கம்பற்றியது. பிலிப்பொன் இதனை அறியாதவரல்லர். ஆகவே வாதத்தின் சாதுரியத்தை மெச்சலாமேயன்றி அதன் நேர்மையை மெச்சுதல் அரிது. ஆறு மாதச் சிறையும் 2000 பிராங்கு தண்டமும் விதிக்கப்பட்டன. பிரெஞ்சு வழக்கிற் பேரிக்காய் என்னுஞ் சொல் ஏமாளியையும் குறிக்கும். பாரிசு நகரின் சுவர்களெங்கும் விரைவிற் பேரிக்காய் தோன்றிற்று.

அடுத்த ஆண்டு, ஏழைகள் சுமந்துவரும் வரிப்பணத்தை விழுங்கும் பூதமாக மன்னரை வரைந்த ஒனோரே தோமியே என்னும் இளைஞருக்கும் ஆறு மாதச் சிறை கிடைத்தது.

இவற்றினும் வியப்புடையது 1834 இல் நிகழ்ந்தது. பிலிப்பொனின் நாளேடாகிய 'சாரிவாரி' தன்மீது அளிக்கப்பட்ட தீர்ப்பைத் தானே வெளியிடல் வேண்டுமென நீதிமன்றம் கட்டளையிட்டது. பத்திரிகைக்கு நாணம் விளைப்பதே கட்டளையின் கருத்தாகும். பெப்ரவரி 27 ஆந் திகதி தீர்ப்பு முதற்பக்கத்தில் வெளிவந்தது. ஆயின் வரிகளைக் குறுக்கியும் நீட்டியும் அச்சுக்கோத்தவர், முழுத் தீர்ப்பையும் பேரிக்காய் வடிவில் அமைத்திருந்தார். கட்டளை நிறைவேறிற்று, தீர்ப்பே சித்திரமாயிற்று.

1835 மே மாதத்தில், முந்திய ஆண்டுக் கிளர்ச்சிகளில் ஈடுபட்டோரைப் பிரபுக்கள் சபை நீதிமன்றமாக அமர்ந்து விசாரித்தது. தாம் விரும்பியவரைத் தமக்காகப் பேச வைக்கும் உரிமை எதிரிகளுக்கு மறுக்கப்பட்டது. இம்முடிவைச் சட்டச் சொற்களால் விளக்கப் பல பக்கங்கள் வேண்டும். தோமியே ஒரு கல்லில் விளக்கினார்: வாய்கட்டப்பட்ட எதிரியை நோக்கி, தடையின்றிப் பேசலாம் எனப் புன்னகையோடு கூறுகிறார் நீதிபதி, பின்புறத்தே இன்னொருவர் தலை வெட்டுமேடையில் வைக்கப்பட்டிருக்கிறது. இது மிகைப்படுத்தலே. எனினும் மறுக்கப்பட்ட உரிமை யாதென்பதில் எவருக்கும் ஐயமெழ இடமில்லை.

அவ்வாண்டு யூலையில் மன்னரைக் கொல்ல முயற்சி நடந்தபின், செப்தெம்பர்ச் சட்டம் சித்திரங்களுக்கு முன் அனுமதியை மீண்டும் விதித்தது. சாசனம் காப்பது கருத்துக்களையே, கண்ணுக்குப் புலனாகும் சித்திரமோ கருத்தன்று, செயல் என அரசினர் வாதித்தனர். சாசனத்தை மீறுதற்கு இவ்வாதம் போதுமானதன்று. ஆயினும் சித்திரத்தின் வன்மைக்கு அதனினும் சிறந்த நற்சான்று வேறில்லை.

மன்னரை வரையமுடியாத தோமியே, 1845 முதல் 1848 வரை 'சாரிவாரி'யில் வழக்கறிஞரையும் நீதிபதிகளையும் தொடராக வரைந்தார். வழக்கிலே தோற்றபோதும் என் வாதத்தைக் கேட்கும் இன்பம் உமக்குக் கிட்டியதன்றோ எனக் கட்சிக்காரரைத் தேற்றும் வழக்கறிஞர் அவற்றுட் பெயர் பெற்றவர். தோமியேயின் படங்களின் கீழுள்ள வாசகங்களை எழுதியோர் பெரும்பாலும் பிறரே. முகங்கள் அவருடையவை. இளமையில் அவர் நீதிமன்றக் கட்டளைகளை நிறைவேற்றும் அலுவலர் ஒருவரிடம், நம் நாட்டிற் பிஸ்கால் எனப்பட்டவரை ஒத்தவரிடம், ஏவலாளாயிருந்தவர்.