அறிவியற் புனைகதை இதழ்களும் வாசகர் மடல்களும்

ஓர் இலக்கிய வகை தோன்றி வளருங்கால், அதனைப் பற்றிய திறனாய்வு எங்கே பிறக்கின்றது என்னும் வினா ஆராய்ச்சியாளர் கருத்திற் கொள்ளத்தக்கது. பல்கலைக்கழக விரிவுரைகளிலும் திறனாய்வு நூல்களிலுமே அது பிறக்கின்றது எனக் கொள்வது நம்மிடையே பெருவழக்கு. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உருப்பெற்ற அறிவியற் புனைகதையின் வரலாறு இக்கொள்கைக்கு மாறாக நிற்கின்றது. அவ்வகையின் திறனாய்வு, மலிவான தாளில் அச்சிடப்பெற்ற கதையிதழ்களின் இறுதிப் பக்கங்களில், பெரும்பாலும் இளைஞரும் பள்ளி மாணவரும் எழுதிய மடல்களிலேயே பிறந்தது. அமெரிக்கப் பேராசிரியர்கள் இத்துறைக்கென ஓர் ஆராய்ச்சி இதழைத் தொடங்குவதற்கு முப்பது ஆண்டுகட்கு முன்னரே, அது தனக்கெனச் சொல்லும் அளவுகோலும் வகுத்துக்கொண்டு விட்டது. அவ்வரலாற்றின் சில பகுதிகளை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பொதுவழக்கில் 'ரசிகர்' எனப்படுவோரை இக்கட்டுரையிற் சுவைஞர் என்றே குறிப்போம். ஒன்றைப் பெரிதும் விரும்புவோர் அதனை நடுநின்று மதிப்பிட வல்லரல்லர் என்பது இவர்மேற் சுமத்தப்படும் குற்றம். அக்குற்றச்சாட்டு முழுதும் பொய் என யாம் வாதிடவில்லை. ஆயினும் விருப்பத்தினின்றே தீர்ப்பு முளைத்தமைக்குச் சான்றுகள் உள. அவற்றை ஒதுக்கிவிட்டு இவ்விலக்கியத்தின் வரலாற்றை எழுதுதல் இயலாது.

லக்சம்பர்க்கில் 1884-இல் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஹியூகோ கெர்ன்ஸ்பாக், முதலில் மின்பொறிக் கருவிகள் பற்றிய இதழ்களை நடத்தியவர். 1926 ஏப்ரலில் அவர் தொடங்கிய 'அமேசிங் ஸ்டோரிஸ்' என்னும் திங்களிதழே அறிவியற் புனைகதைக்கென்று தனியே ஆங்கிலத்தில் எழுந்த முதல் இதழாகக் கருதப்படுகின்றது. தொடக்கத்தில் அவ்விதழுக்குப் புதுக்கதைகள் போதிய அளவிற் கிடைக்கவில்லை. எட்கர் ஆலன் போ, ஜூல்ஸ் வெர்ன், எச். ஜி. வெல்ஸ் ஆகியோரின் பழைய படைப்புகளையே மறுபதிப்பாக வெளியிட்டார். கதை இன்பம் தருவதோடு அறிவியலையும் கற்பித்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. இக்கொள்கையே வாசகர்க்குத் தேர்வாளர் பதவியை அளித்தது எனலாம். கதையிற் கூறப்படும் அறிவியற் செய்தி பொருந்துமா பொருந்தாதா எனத் தேர்ந்து சொல்லும் உரிமை, பௌதிகம் பயின்ற மாணவன் ஒருவனுக்கும் உண்டன்றோ?

1927 சனவரியில் 'கலந்துரையாடல்' எனப் பொருள்படும் தலைப்பில் மடற்பகுதி தொடங்கிற்று. மடல் வெளியிடுதல் புதுமையன்று; பிற இதழ்களும் வெளியிட்டன. கெர்ன்ஸ்பாக்கின் இதழில், மடல் எழுதியவரின் பெயரோடு முழு முகவரியும் அச்சாயின. இச்சிறு செயலின் விளைவு பெரிது. ஒரு கதையைப் பழித்தவருக்கு, அதனைப் போற்றிய மற்றொருவர் இதழாசிரியரை இடையிற் கொள்ளாமல் நேரே எழுதலானார். விருப்பமும் வெறுப்பும் தனியொருவர் நெஞ்சளவில் நில்லாது, காரணம் காட்டி நிறுவவேண்டிய வழக்காயின. மடல் எழுதியோர் தம்முட் கூடிக் கழகங்கள் அமைத்தனர். 1930 மே மாதத்தில் 'தி காமெட்' என்னும் சிற்றிதழ், அத்தகைய மடற்கழகம் ஒன்றன் வெளியீடாக வந்தது. சுவைஞர் இதழ்களுள் முதலாவது இதுவே என்பர். அதனை நடத்திய ரேமண்ட் பால்மர், 1938-இல் 'அமேசிங் ஸ்டோரிஸ்' இதழுக்கே ஆசிரியரானார்.

கிளீவ்லாந்து நகரத்து இளைஞர் ஜெரி சீகல் இக்கூட்டத்தினரே. அவர் தம் நண்பர் ஜோ ஷஸ்டரின் ஓவியத் துணையோடு சைக்ளோஸ்டைல் இதழொன்றைத் தாமே நடத்தினார். அதில் 1933-இல் 'சூப்பர்மேன்' என்னும் பெயர் தாங்கிய கதை ஒன்று வந்தது. அதன் தலைவன் தீயவன். அப்பெயரே நல்லோனுக்கு உரியதாகி, 1938-இல் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் உலகறிய வந்தது. அதிரடி வீரக்கதைகளின் பெருக்கிற்கு ஊற்றுக்கண் ஒரு மடல் எழுத்தாளரின் சிற்றிதழில் இருந்தமை நினைவிற் கொள்ளத்தக்கது.

சுவைஞர் கருத்தும் வாங்குவோர் விருப்பமும் ஒன்றெனக் கொள்ளுதல் பிழை. 'அமேசிங் ஸ்டோரிஸ்' அட்டையில் ஃபிராங்க் பால் தீட்டிய ஓவியங்கள் கண்ணைப் பறிக்கும் வண்ணத்தன. அவ்வட்டையோடு இதழைக் கையிற் கொண்டு செல்ல நாணுகின்றோம் என மடல் எழுதியோர் குறைகூறினர். 1928 செப்டம்பர் இதழுக்கு அடக்கமான அட்டை ஒன்று அமைத்துப் பார்த்தார் கெர்ன்ஸ்பாக். விற்பனை குறைந்தது, பழைய அட்டைகளே திரும்பி வந்தன. மடல் எழுதியோர் வாசகருள் ஒரு சிறு பகுதியினரே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. ஆயினும் பின்னாளில் எழுத்தாளரும் இதழாசிரியரும் ஆனோர் பலர் அச்சிறு பகுதியினின்றே வந்தனர்.

1930-இல் தொடங்கிய 'அஸ்டவுண்டிங்' இதழின் பொறுப்பை 1937-ஆம் ஆண்டின் இறுதியில் ஜான் கேம்ப்பெல் ஏற்றார். மறு ஆண்டே அவர் வாசகர் வாக்கைக் கணக்கிடும் முறையொன்றை வகுத்தார். ஓர் இதழிலுள்ள கதைகளை வாசகர் ஒவ்வொருவரும் முதலாவது, இரண்டாவது என வரிசைப்படுத்தி எழுதுவர். அவ்வெண்களின் சராசரி பின்னிதழில் வெளியாகும்; எண் குறையக் குறையக் கதையின் மதிப்பு உயரும். பிற்காலத்தில் முதலிடம் பெற்ற கதைக்குக் கூடுதல் ஊதியமும் வழங்கினர். கலையை எண்ணால் அளத்தல் தகுமா என்று கேட்கலாம். தகாது என்பதே எம் கருத்து. எனினும் ஆய்வாளர்க்கு இப்பட்டியல்கள் அரும்பொருள். தம் காலத்து வாசகர் எதனை உயர்வாகக் கருதினர் என்பதனைத் திங்கள்தோறும் எண்ணாற் குறித்துவைத்த இலக்கிய வகைகள் சிலவே.

இவ்விதழின் மடற்பகுதியில் நிகழ்ந்த விளையாட்டு ஒன்றை இங்கே கூறாது விடல் இயலாது. 1948 நவம்பர் இதழில் வாசகர் ஒருவரின் மடல் வெளியாயிற்று. வழக்கம்போல் கதைகளைத் தரம்பிரித்த அம்மடல், மதிப்பிட்டதோ 1949 நவம்பர் இதழை; அஃதாவது, ஓராண்டு கழித்து வரவேண்டிய இதழை! கதைகளின் பெயரும் எழுதியோர் பெயரும் அதிற் குறிக்கப்பட்டிருந்தன. கேம்ப்பெல் வாளாவிருந்தாரல்லர். அவ்வெழுத்தாளர்களிடம் சொல்லி, அப்பெயர்களுக்கு ஏற்ற கதைகளை எழுதி வாங்கி, அம்மடலிற் கண்டவற்றுட் பெரும்பாலான தலைப்புகளோடு 1949 நவம்பர் இதழை வெளியிட்டார். ராபர்ட் ஹைன்லைனின் 'கல்ஃப்' என்னும் கதை இவ்வாறு எழுந்ததே. மூலம் முன்னும் உரை பின்னும் தோன்றுதலே இயல்பு. உரை முன்னே தோன்றி மூலத்தைப் பெற்றெடுத்த நிகழ்ச்சி இஃதொன்றே போலும்.

ஐசக் அசிமோவும் மடற்பகுதியில் வளர்ந்தவரே. 1938-இல் இதழ் உரிய நாளில் வாராமையால், காரணம் கேட்க வெளியீட்டு நிலையத்திற்கே நேரிற் சென்றவர் அவர். அடுத்த திங்கள் தம் முதற்கதையோடு கேம்ப்பெல்லைக் காணச் சென்றார். அக்கதை ஏற்கப்படவில்லை. 1939 மார்ச்சில் வேறொரு கதை 'அமேசிங்' இதழில் அச்சேறிற்று. அக்காலத்தில் அவர் எழுதிய மடல்கள் சில அவர் புகழுக்கு அணி செய்வன அல்ல. கதைகளிற் பெண்பாத்திரங்களும் காதற் பகுதிகளும் வேண்டா என அவர் வாதிட்டார். பெண் வாசகர் ஒருவர் அதே பகுதியில் அதனை மறுத்து எழுதினார். இவ்வழக்கை இளைஞர் பிதற்றல் எனத் தள்ளுதல் எளிது. ஆனால் இவ்விலக்கியத்தில் பெண்கட்கு இடம் யாது என்னும் வினா பல்கலைக்கழகத் திறனாய்வுக்கு உரியதாவதற்குப் பல ஆண்டுகட்கு முன்பே, வினாவும் விடையும் அம்மடல்களில் நேருக்குநேர் நின்றன. அசிமோவை மட்டும் கற்று அம்மறுப்பைக் கல்லாதவர் அக்கால வாசகரெல்லாம் ஒரு கருத்தினர் என மயங்குவர்.

முகவரி அச்சிட்டதனால் விளைந்த கூட்டுறவு நன்மைக்கே பயன்பட்டது எனல் ஆகாது. கெர்ன்ஸ்பாக் தம் முதல் நிறுவனத்தை 1929-இல் இழந்து, புதியனவாகத் தொடங்கிய இதழ்களின் வழி 1934-இல் அறிவியற் புனைகதைக் கழகம் ஒன்றை நிறுவினார். சுவைஞர் டொனால்ட் வோல்ஹைம், தம் முதற்கதைக்கு ஊதியம் வாராமை கண்டு, பிற எழுத்தாளரையும் மடல் வழியே வினவினார். அவருட் சிலர்க்கும் அதே குறை இருந்தது. வழக்கு எழுந்து, ஊதியம் கிடைத்தது. பின்னர் 1935-இல் அவர் கழகத்தினின்று நீக்கப்பட்டார். சுவைஞர்க்குள்ளேயே பகை வளர்ந்தது. 1939 சூலை 2 முதல் 4 வரை நியூயார்க்கில் முதல் உலக மாநாடு கூடியது. வந்தவர் ஏறத்தாழ இருநூற்றுவர். வோல்ஹைம், ஃபிரெடரிக் போல், சிரில் கோர்ன்புளூத் உள்ளிட்ட அறுவர் வாயிலில் தடுக்கப்பட்டனர். அக்குழுவையே சார்ந்த அசிமோவ் உள்ளே விடப்பட்டார். தடுக்கப்பட்ட ஃபிரெடரிக் போல், 2010-இல் தம் 90-ஆம் வயதில் அதே உலக மாநாட்டின் பரிசைச் 'சுவைஞர் எழுத்தாளர்' என்னும் பிரிவிற் பெற்றார்.

சுவைஞர் கருத்து திறனாய்வாக முதிர்ந்தமைக்கு எடுத்துக்காட்டு டேமன் நைட் எழுதிய கட்டுரை. 1945 ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை 'அஸ்டவுண்டிங்' இதழில் ஏ. ஈ. வான் வோக்ட் எழுதிய 'தி வேர்ல்ட் ஆஃப் நல்-ஏ' தொடராக வந்தது. அக்கால வாசகரிடையே வான் வோக்ட்டின் புகழ் உச்சியில் நின்றது. நைட் அப்பொழுது இருபத்து மூன்று வயதினர். எழுதியதோ சில படிகளே பரவும் சுவைஞர் இதழில். நிகழ்ச்சிகள் ஒன்றோடொன்று முரணுகின்றன, பாத்திரங்களின் செயலுக்குக் காரணம் இல்லை, நடை தெளிவற்றது எனக் கதையின் இடங்களைச் சுட்டிச்சுட்டி அவர் நிறுவினார். இவ்வகையை விரும்பாத ஒருவர் இத்துணை உழைத்துக் குற்றம் காட்டியிருப்பாரா? இவ்வகையில் எத்தகைய கதை இயலும் என அறிந்து, அதனை விரும்பி எதிர்பார்த்தமையாலேயே அவர்க்குச் சினம் எழுந்தது. 1948-இல் நூலாகிய போது தொடர் திருத்தம் பெற்றிருந்தது. 1970-இல் மீண்டும் திருத்திய வான் வோக்ட், நைட்டின் கட்டுரையைத் தம் முன்னுரையிலேயே எடுத்துப் பேசினார். நைட்டின் மதிப்புரைகள் 1956-இல் நூலாயின. புனைபெயரில் ஜேம்ஸ் பிளிஷ் எழுதிய மதிப்புரைகளும் 1964-இல் நூல்வடிவு பெற்றன. அவற்றுட் பலவும் சுவைஞர் இதழ்களில் முன்னர் வந்தவையே.

கல்விநிலையங்களின் பங்கு இதற்குப் பின்னரே பெருகிற்று. ஜே. ஓ. பெய்லியின் ஆய்வுநூல் 1947-இல் வந்தது. அஃது ஒரு தனி மரம். ஒஹையோ மாநிலத்து ஊஸ்டர் கல்லூரியினின்று 'எக்ஸ்ட்ராபொலேஷன்' என்னும் ஆராய்ச்சி இதழ் 1959-இல் தோன்றிற்று. மடற்பகுதிக்கும் அதற்கும் இடையே 32 ஆண்டுகள் கழிந்தன.

1953-இல் பிலடெல்பியாவிற் கூடிய உலக மாநாடு, கெர்ன்ஸ்பாக்கின் முதற்பெயரால் வழங்கும் ஹியூகோ பரிசை அளிக்கத் தொடங்கிற்று. முதற் பரிசு பெற்ற புதினம் ஆல்ஃபிரட் பெஸ்டரின் 'தி டெமாலிஷ்ட் மேன்'. தீர்ப்போர் மாநாட்டு உறுப்பினரே. அவையோர் முன் நூலை அரங்கேற்றும் நம் பண்டை வழக்கை இஃது ஒருபுடை ஒக்கும்; அங்கு அவையினர் புலவர், இங்கு அவையினர் கட்டணம் செலுத்தி உறுப்பினரானோர்.

தொலைக்காட்சித் தொடரான 'ஸ்டார் டிரெக்' பற்றியும் ஒரு சொல். 1966 செப்டம்பரில் ஒளிபரப்பாகத் தொடங்கிய அது நிறுத்தப்படும் என்னும் செய்தி பரவியபோது, 1967, 1968-ஆம் ஆண்டுகளிற் சுவைஞர் மடல்கள் குவிந்தன. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டன என ஒளிபரப்பு நிறுவனமே கூறிற்று. தொடர் மேலும் ஓராண்டு நீடித்து 1969-இல் முடிந்தது. இதனைச் சுவைஞர் வெற்றியெனப் பலரும் பாராட்டுவர். யாம் அதனைத் திறனாய்வின் வரலாற்றிற் சேர்க்கத் தயங்குகின்றோம். நைட்டின் கட்டுரை ஒரு படைப்பை ஆராய்ந்தது. இம்மடல்கள் ஒரு படைப்பை இரந்தன. பழைய மடற்பகுதியில் ஒரே பக்கத்தில் நின்ற பழிப்பும் புகழ்ச்சியும் ஈண்டுப் புகழ்ச்சி ஒன்றேயாய்ச் சுருங்கின.

இவ்வரலாறு நம் பக்கத்து மண்ணையும் தொடுகின்றது. 1937 சனவரியில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிற் கூடிய சிறு சுவைஞர் கூட்டத்தில் இருந்த பத்தொன்பது வயது இளைஞர் ஆர்தர் சி. கிளார்க். 1956-இல் அவர் இலங்கையிற் குடியேறி, 2008-இல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்தார். சிகிரியாவையும் சிவனொளிபாத மலையையும் மனத்திற்கொண்டு அவர் எழுதிய 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' 1980-இல் ஹியூகோ பரிசு பெற்றது.

இத்துறையில் ஆய்வு செய்ய விழையும் மாணவர்க்கு ஓர் இடர் உண்டு. 1946 முதலாக இவ்விதழ்க் கதைகளைத் தொகுத்து வெளியிட்ட பெருநூல்கள் கதைகளை மட்டுமே எடுத்துக்கொண்டன, மடற்பகுதியை விட்டுவிட்டன. இதழ்களின் தாளோ அமிலம் மிக்கது, புரட்டும்போதே நொறுங்குவது. சுவைஞர் இதழ்களின் பெருந்தொகுதிகளை இன்று கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைட் வளாக நூலகமும் அயோவா பல்கலைக்கழக நூலகமும் காத்துவருகின்றன. தொகைநூல்களை மட்டும் கற்று 1940-களின் சுவையை எழுதுவோர், விடைகளைக் கண்டு வினாக்களைக் காணாதவராவர். மூல இதழ்களைத் தேடிச் செல்வோர், கதைகளைப் புரட்டிவிட்டு இறுதிப் பக்கங்களினின்றே படிக்கத் தொடங்குக.