வாவிக்கரையில் எழுந்த பள்ளிகள்



ஒரு சமயம் ஒரு நாட்டிலே வேரூன்றிவிட்டது என்று கூறுவதற்கு எதனை அளவுகோலாகக் கொள்வது? ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுதப்பெற்ற பெயர்களின் தொகையையா? அன்றி, அச்சமயத்தார் ஆற்றிய பணி அந்நாட்டு மக்களின் வாழ்விற் கலந்த பாங்கினையா? இவ்வினாவுக்கு விடை காண விழைவோர்க்கு மட்டக்களப்பு நாட்டின் வரலாறு தக்கதொரு சான்றாக அமைகின்றது.

போர்த்துக்கேயர் 1628ஆம் ஆண்டில் மட்டக்களப்பில் கோட்டை அமைத்தனர். பத்து ஆண்டுகள் கழிந்து, 1638இல், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். போர்த்துக்கேயர் கத்தோலிக்க சமயத்தைக் கொணர்ந்தனர். ஒல்லாந்தரோ அதனை ஒடுக்கித் தமது சீர்திருத்தச் சபையை நிலைநாட்ட முயன்றனர். அவர்கள் ஆண்ட கரைநாடுகளில் பள்ளிக்கூடமே பதிவகமாகவும் விளங்கியது. திருமணமும் பிறப்பும் அங்கேயே பதியப்பட்டன. அரசாங்க உத்தியோகம் வேண்டுவோர் அச்சபையைச் சார்ந்தோராகத் தம்மைக் காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. இவ்வாறு பெயரளவிற் கிறித்தவரானோர் பல்லாயிரவர். 1796இல் ஆங்கிலேயர் ஆட்சி வந்து கட்டாயம் நீங்கவே, அவர்களுட் பெரும்பாலார் தத்தம் பழைய வழிபாட்டுக்கே மீண்டனர். ஆட்சியின் நிழலில் வளர்ந்த பயிர், அந்நிழல் அகன்றதும் வாடியது.

மாறாக, எவ்விதச் சலுகையுமின்றி நின்ற ஒரு சிறு கூட்டத்தின் பற்று நிலைத்தது. மட்டக்களப்புப் பறங்கியர் தம் முன்னோரின் போர்த்துக்கேய மொழியையும் கத்தோலிக்க சமயத்தையும் ஒருங்கே பேணி வந்தனர். தச்சும் கொல்லுமாகிய கைத்தொழில்களாற் பிழைத்த எளிய மக்கள் அவர்கள்.

இனி, புதிய ஊழியம் ஒன்றின் தொடக்கத்தைக் காண்போம். 1813ஆம் ஆண்டின் இறுதியில் தோமஸ் கோக் என்னும் முதியவரின் தலைமையில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த இளம் பாதிரிமார் சிலர் இங்கிலாந்திலிருந்து கப்பலேறினர். 1814 மே மாதத்திற் கோக் நடுக்கடலிலே உயிர் நீத்தார். வில்லியம் ஓல்ட் என்பவரின் மனைவியும் அப்பயணத்திலேயே காலமானார். எஞ்சியோருட் பெரும்பாலார் யூன் மாத இறுதியிற் காலியை அடைந்தனர். பின்னர் அவர்கள் வெவ்வேறு இடங்களுக்குப் பிரிய, மனைவியை இழந்த ஓல்ட் மட்டக்களப்புக்குத் தனியராக வந்து சேர்ந்தார்.

அவர் இங்கு வாழ்ந்தது ஏறத்தாழ எட்டு மாதமே. 1815 ஏப்பிரல் முதலாம் நாள் நோயுற்று மாண்டார். அக்குறுகிய காலத்துள் எட்டுப் பாடசாலைகளை அவர் தொடக்கினார் என்பர். அவர் இட்ட வித்தே இன்றைய மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரியாக வளர்ந்துள்ளது. அவர் மதம் மாற்றியோர் மிகச் சிலரே. அவர் திறந்த பள்ளிக் கதவோ இருநூறு ஆண்டு கடந்தும் அடைபடவில்லை.

பிற்காலத்திற் பெண்களுக்கென வின்சன்ட் மகளிர் பாடசாலையை மெதடிஸ்தர் நடத்தினர். கத்தோலிக்கர் 1873இல் தொடங்கிய பாடசாலை, இயேசு சபைத் துறவிகளின் கையிற் புனித மிக்கேல் கல்லூரியாக ஓங்கியது. ஏட்டுக் கல்வியை ஆண்பிள்ளைகளுக்கே உரியதென எண்ணியிருந்த குடும்பங்களிற் பெண்மக்களும் எழுத்தறியத் தொடங்கினர்.

எனினும், அக்கதவிற் புகுவோர் சில வேளைகளில் ஒரு விலை கொடுக்க நேர்ந்தது என்பதையும் நடுநிலை தவறாது கூறுதல் வேண்டும். ஆங்கிலக் கல்வி உத்தியோகத்துக்கு வழி. அவ்வழி பெரும்பாலும் மிஷன் பள்ளியினூடே சென்றது. ஆசிரியர் பதவியிற் கிறித்தவர்க்கே முதலிடம் கிட்டியது. ஏற்கெனவே உள்ள பள்ளிக்குக் குறித்த தூரத்துக்குள் எழும் புதிய பள்ளிக்கு அரசாங்க நன்கொடை இல்லை என்னும் விதி, பிந்தி வந்த சைவப் பள்ளிகளையும் பௌத்தப் பள்ளிகளையும் தடுத்தது. பிள்ளையார் கோவிலைச் சூழ்ந்து வெற்றிலைக் கொடிக்கால் வளர்த்து வாழ்ந்த எம் களுதாவளை போன்ற ஊர்களில், பிள்ளையைப் படிக்க வைப்பதா, முன்னோர் நெறியைக் காப்பதா என்று தந்தையர் கலங்கினர் என்றால் அதில் வியப்பில்லை.

இக்கலக்கத்துக்கு விடை கண்டோர், மிஷன் பள்ளியின் முறையை நன்கறிந்தவர்களே. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவிய ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப் பள்ளியை நிறுவினார். மட்டக்களப்பு நாட்டில் அப்பணி, காரைதீவில் 1892இற் பிறந்த விபுலாநந்த அடிகளுக்கு வாய்த்தது. அவர் கல்முனை மெதடிஸ்த ஆங்கிலப் பாடசாலையிலும் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்றவர். கத்தோலிக்கக் கல்லூரிகளில் ஆசிரியராகவும் இருந்தவர். 1924இல் இராமகிருஷ்ண சங்கத்தில் துறவு பூண்டு, ஈழம் மீண்டு, கிராமந்தோறும் பள்ளிகளைப் பொறுப்பேற்றார். கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயம் 1929இல் எழுந்தது. பாதிரிமாரிடம் பெற்ற ஒழுங்கையும் அறிவியலையும் அவர் தள்ளவில்லை. தம் மக்கள் தம் சமயத்தை விடாமலே அவற்றைப் பெற வழி செய்தார்.

இத்தகைய வரலாறு நமக்கே உரியதன்று. மேற்கு ஆபிரிக்காவின் கானா நாட்டை நோக்குவோம். ஓல்ட் சார்ந்திருந்த அதே வெஸ்லியன் மிஷனின் யோசேப்பு டன்வெல், 1835 சனவரி முதலாம் நாள் கேப் கோஸ்ற் துறைமுகத்தில் இறங்கினார்; ஆறு மாதத்துள் நோயால் இறந்தார். ஆயினும் அங்கு முன்னரே விவிலியம் கற்கக் கூடிய உள்ளூர் இளைஞர் குழு ஒன்று இருந்தது, பணி தொடர்ந்தது. 1876இல் அந்நகரில் எழுந்த மெதடிஸ்த உயர்பள்ளியே பின்னர் ம்பான்ட்சிபிம் எனப் புகழ்பெற்றது. ஐக்கிய நாடுகள் சபையின் செயலாளர் நாயகமாக விளங்கிய கொபி அனான் அங்கு பயின்றவர். நாட்டு விடுதலைக்குத் தலைமை தாங்கிய குவாமே நிக்ருமாவோ கத்தோலிக்க மிஷன் பள்ளியில் உருவானவர். அந்நிய ஆட்சியோடு வந்த பள்ளியிலேயே அவ்வாட்சியை அகற்றுவோரும் தோன்றினர்.

பள்ளி எவர் கையில் இருத்தல் வேண்டும் என்னும் வினாவும் இரு நாடுகளிலும் எழுந்தது. கானா, 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் அடிப்படைக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கியபோதும், திருச்சபைகளின் பங்கை முற்றாக விலக்கவில்லை. இலங்கையிலோ, கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகள் அரசின் வசமாயின. கட்டணம் பெறாது தனித்தியங்கத் துணிந்த சிலவே விலகி நின்றன. கத்தோலிக்கர் பல இடங்களிற் பள்ளிகளுள் தங்கியிருந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். இராமகிருஷ்ண சங்கத்தின் பள்ளிகளும் அரசிடம் சென்றன. சமயம் பாராது எல்லாப் பிள்ளைக்கும் இடம் என்பது பெற்ற பேறு. ஊரும் ஆசிரியரும் பள்ளியைத் தம்முடையதாகக் கருதிய உரிமையுணர்வு தளர்ந்தமை அதன் இழப்பு.

பள்ளிகள் கைமாறிய பின் கிறித்தவர்க்கு எஞ்சியது யாது? மக்களோடு சேர்ந்து துன்புறும் கடமையே எஞ்சியது. புனித மிக்கேல் கல்லூரியிற் கூடைப்பந்தாட்டம் பயிற்றிய அமெரிக்க நாட்டு இயேசு சபைத் துறவி யூஜின் ஹேபியர், போர் மூண்ட 1990 ஆகஸ்ட் 15ஆம் நாள் வாழைச்சேனையிலிருந்து இளைஞன் ஒருவனுடன் மட்டக்களப்பை நோக்கிப் புறப்பட்டார். இருவரும் வந்து சேரவில்லை. 2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திற் குண்டு வெடித்தது. மாண்டோருட் பலர் ஞாயிறுப் பள்ளிக்கு வந்த சிறுவர். இழப்பின் முன் சமயப் பதிவேடுகள் பொருளற்றுப் போயின.

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றே. சலுகை காட்டிச் சேர்த்த கூட்டம் கலைந்தது. கைம்மாறு கருதாது தந்த கல்வி நிலைத்தது. அக்கல்வியை மாற்றுச் சமயத்தாரும் கற்று, தமதாக்கி, மேலும் வளர்த்தனர். ஆனால் பணி முற்றிற்று என்று நாம் அமைதி கொள்ளுதல் இயலாது. வாவியின் மேற்கே, படுவான்கரையின் வயலூர்ப் பாடசாலைகள் சிலவற்றில் ஆசிரியர் பற்றாக்குறை நீண்டகாலக் குறையாகவே உள்ளது. கடல் கடந்து வந்த ஒருவர் எட்டு மாதத்தில் எட்டுப் பள்ளி தொடங்கிய நாட்டில், வாவியைக் கடந்து சென்று கற்பிக்க நம்மவர் தயங்கலாகாது. அரசுப் பள்ளிகளில் ஊதியம் பெறும் எம்போன்றோர் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது இதுவே.