எஸ்எஸ்எச் வாயில் திறவாமல் மேகக் கணினிகளை அணுகும் கட்டளைவரிக் கருவிகள்: வரலாறு

ஒருவர் தம் முன்னுள்ள விசைப்பலகையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்து, வேறோர் இடத்தில் உள்ள கணினியை இயக்குவது தொலைவழி நுழைவு எனப்படும். மேகக் கணிமையில் வாடகைக்குப் பெறப்படும் சர்வர்களை நிருவகிக்க, நீண்ட காலம் எஸ்எஸ்எச் என்னும் நெறிமுறையே நேரடியாகப் பயன்பட்டு வந்தது. 2010களின் பிற்பகுதியிலிருந்து, சர்வரின் எஸ்எஸ்எச் வாயிலை இணையத்துக்குத் திறந்து வைக்காமலேயே உள்ளே நுழைய உதவும் கட்டளைவரிக் கருவிகள் பரவலாயின. அமேசானின் செஷன் மேனேஜர், கூகுளின் ஐடென்டிட்டி-அவேர் பிராக்சி, மைக்ரோசாஃப்டின் அஷூர் பாஸ்டியன் ஆகியவை இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. முன்பு சாவி யாரிடம் உள்ளது என்று மட்டுமே சர்வர் பார்த்தது. இக்கருவிகள் வந்த பின், வந்திருப்பவர் யார், அவருக்கு இப்போது அனுமதி உண்டா என்று பார்க்கும் முறை வந்தது. இவ்வரலாற்றின் சாரம் இந்த மாற்றமே.

தொடக்க காலம்

இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் அனுப்பப்பட்ட முதல் செய்தியே தொலைவழி நுழைவுக்கான முயற்சிதான். 1969 அக்டோபர் 29 அன்று, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் இருந்த மாணவர் சார்லி கிளைன், ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனக் கணினிக்குள் நுழைவதற்காக 'லாகின்' என்ற சொல்லைத் தட்டச்சு செய்யத் தொடங்கினார். முதல் இரண்டு எழுத்துகள் சென்றதும் மறுமுனை செயலிழந்தது. சற்று நேரம் கழித்துச் செய்த மறுமுயற்சி வெற்றி பெற்றது.

இத்தேவையிலிருந்து பிறந்த டெல்நெட், 1983 மே மாதம் ஆர்எஃப்சி 854 என்ற ஆவணத்தின் வழியாகத் தரப்படுத்தப்பட்டது. அதே ஆண்டு வெளிவந்த பெர்க்லி யூனிக்ஸ் 4.2 பதிப்பில் ஆர்லாகின் என்ற கருவி இடம்பெற்றது. இவ்விரண்டிலும் ஒரே குறை இருந்தது. தட்டச்சு செய்த எழுத்துகள், கடவுச்சொல் உட்பட, எந்த மறைப்பும் இன்றி வலையமைப்பில் பயணம் செய்தன. அஞ்சலட்டையில் எழுதிய செய்தியை வழியில் எவரும் படிக்கலாம் என்பது போன்ற நிலை இது. ஆய்வாளர்கள் சிலரே பயன்படுத்திய காலத்தில் இக்குறை பெரிதாகத் தோன்றவில்லை.

எஸ்எஸ்எச் வருகை

1995ஆம் ஆண்டு ஃபின்லாந்தின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்களைத் திருடும் ஒட்டுக்கேட்பு நடந்தது. அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு யூலோனென் அதற்குத் தீர்வாக எஸ்எஸ்எச் மென்பொருளை எழுதி, அவ்வாண்டு ஜூலையில் இலவசமாக வெளியிட்டார். கோப்புப் பரிமாற்றத்துக்கான எஃப்டிபி 21ஆம் வாயிலையும், டெல்நெட் 23ஆம் வாயிலையும் பயன்படுத்தி வந்தன. இடையில் இருந்த 22ஐ அவர் கேட்டுப் பெற்றார். வாயில் என்பது கணினியில் ஒவ்வொரு சேவைக்கும் ஒதுக்கப்படும் இணைப்பு எண்; ஆங்கில வழக்கில் போர்ட் எனப்படும்.

எஸ்எஸ்எச் அனைத்தையும் மறைகுறியாக்கி அனுப்பியது. கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாவி இணையைப் பயன்படுத்தும் வழியையும் தந்தது. பொதுச்சாவி ஒரு பூட்டைப் போன்றது. எத்தனை கதவுகளில் வேண்டுமானாலும் மாட்டலாம். அதைத் திறக்கும் தனிச்சாவி உரியவரிடம் மட்டுமே இருக்கும். 1999 டிசம்பரில் ஓபன்பிஎஸ்டி 2.6 இயங்குதளத்துடன் ஓபன்எஸ்எஸ்எச் வெளியானது. திறமூல மென்பொருளான அது சில ஆண்டுகளில் உலகெங்கும் பரவியது.

மேகக் கணிமையும் சாவிச் சிக்கலும்

2006 ஆகஸ்டில் அமேசான் நிறுவனம் ஈசி2 சேவையைத் தொடங்கியது. கணினியை விலைக்கு வாங்காமல் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் முறை இதனால் வளர்ந்தது. வாடிக்கையாளர் புதிய சர்வரை உருவாக்கும்போது அதற்கான சாவிக் கோப்பைத் தம் கணினியில் சேமித்துக்கொண்டு, 22ஆம் வாயில் வழியே உள்ளே நுழைவார்.

சர்வர்களின் எண்ணிக்கை பெருகியபோது மூன்று சிக்கல்கள் எழுந்தன. முதலாவது, இணையத்துக்குத் திறந்திருக்கும் 22ஆம் வாயிலைத் தானியங்கி நிரல்கள் இரவு பகலாகத் தட்டிப் பார்க்கின்றன. இரண்டாவது, சாவிகளைக் கணக்கில் வைப்பது கடினம். 15 பணியாளர்கள் 200 சர்வர்களில் வேலை செய்யும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் வேலையை விட்டு விலகும்போது 200 சர்வர்களிலும் அவருடைய பொதுச்சாவியை நீக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் அந்தக் கதவு அவருக்குத் திறந்தே இருக்கும். மூன்றாவது, பலர் ஒரே சாவியையும் ஒரே பயனர் பெயரையும் பகிர்ந்துகொண்டால், தவறு நேர்ந்த பின் அதைச் செய்தவர் யார் என்று கண்டறிய இயலாது.

இடைக்காலத் தீர்வாகப் பாஸ்டியன் எனப்படும் காவல் கணினி பயன்பட்டது. மற்ற சர்வர்களைத் தனி வலையமைப்புக்குள் மறைத்துவிட்டு, இந்த ஒரு கணினியை மட்டும் வெளியில் வைத்து, அதன் வழியே உள்ளே செல்வது அம்முறை. கோட்டைக்கு ஒரே வாசல் இருப்பது காவலுக்கு எளிது. ஆயினும் அந்த வாசலும் திறந்தே இருந்தது. சாவிச் சிக்கலும் தீரவில்லை.

கண்ணோட்ட மாற்றம்

2010 ஜனவரியில் கூகுள் நிறுவனம் தன் அமைப்புகளுக்குள் ஊடுருவல் நடந்ததை வெளிப்படையாக அறிவித்தது. 'ஆபரேஷன் அரோரா' என்று பெயர் பெற்ற அத்தாக்குதலுக்குப் பின், அலுவலக வலையமைப்புக்குள் இருப்பவர் என்பதாலேயே ஒருவரை நம்பக் கூடாது என்ற கருத்து வலுப்பெற்றது. இக்கருத்தைச் செயல்படுத்திய முறையைக் கூகுள் 2014இல் பியாண்ட்கார்ப் என்ற பெயரில் கட்டுரையாக வெளியிட்டது. ஒவ்வொரு முறையும் பயனரின் அடையாளத்தையும் அவர் பயன்படுத்தும் கருவியின் நிலையையும் சரிபார்ப்பதே அதன் அடிப்படை.

புதிய கருவிகள்

அமேசான் 2018 செப்டம்பரில் செஷன் மேனேஜரை அறிமுகப்படுத்தியது. இதன் இயக்கத்தைப் பழைய தொலைபேசி இணைப்பகத்துடன் ஒப்பிடலாம். சர்வருக்குள் இயங்கும் முகவர் நிரல் ஒன்று, 443ஆம் வாயில் வழியே அமேசானின் சேவையைத் தானே அழைத்துத் தொடர்பில் இருக்கும். வெளியிலிருந்து வரும் எந்த அழைப்பையும் சர்வர் ஏற்பதில்லை. பயனர் தம் கணினியில் 'ஏடபிள்யூஎஸ் எஸ்எஸ்எம் ஸ்டார்ட்-செஷன்' என்ற கட்டளையுடன் சர்வரின் அடையாள எண்ணைக் கொடுப்பார். இடையில் உள்ள சேவை அவருடைய அனுமதியைச் சரிபார்த்து இரு முனைகளையும் இணைக்கும். சாவிக் கோப்பும் தேவையில்லை. சர்வருக்குப் பொது முகவரியும் தேவையில்லை.

2019 ஜூனில் வந்த ஈசி2 இன்ஸ்டன்ஸ் கனெக்ட் வேறு வழியைக் கையாண்டது. அது எஸ்எஸ்எச்சைக் கைவிடாமல், 60 விநாடிகள் மட்டுமே செல்லுபடியாகும் பொதுச்சாவியைச் சர்வருக்கு அனுப்புகிறது. கூகுளின் கருவியும் உள்ளே எஸ்எஸ்எச்சையே பயன்படுத்துகிறது. அடையாளம் சரிபார்த்த பின் அமைக்கப்படும் சுரங்கப்பாதைக்குள் அது செல்வதால், தீச்சுவரில் கூகுளின் குறிப்பிட்ட முகவரி வரம்புக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். அஷூர் பாஸ்டியன் 2019 நவம்பரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. முதலில் உலாவி வழியாக மட்டும் இயங்கிய அதில், கட்டளைவரி வசதி பின்னர் சேர்க்கப்பட்டது.

எனவே இக்கருவிகளில் பல எஸ்எஸ்எச்சை ஒழிக்கவில்லை. இணையத்தை நோக்கித் திறந்திருந்த அதன் வாயிலையே அவை மூடின.

பணியாளர் ஒருவர் விலகினால், இம்முறையில் அவருக்கு அளித்த அனுமதியை ஓரிடத்தில் நீக்கினால் போதும். யார், எப்போது, எந்தச் சர்வரில் நுழைந்தார் என்பதும் பதிவாகிறது. கணினி அமைப்புகளின் பதிவேடுகளை 180 நாட்கள் காக்க வேண்டும் என்று இந்தியாவின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் ஆணையிட்டதால், இந்திய நிறுவனங்களுக்கும் இப்பதிவுகள் முக்கியமாயின.

2024ஆம் ஆண்டு நிகழ்வு

திறந்த வாயிலின் ஆபத்து 2024 மார்ச்சில் மீண்டும் வெளிப்பட்டது. மைக்ரோசாஃப்டில் பணியாற்றும் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்டு, எஸ்எஸ்எச் நுழைவு வழக்கத்தைவிடச் சுமார் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்தார். அதன் காரணத்தைத் தேடியபோது, எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் எஸ்எஸ்எச்சைக் குறிவைத்த கள்ளவழி மறைத்து வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. லினக்ஸின் நிலையான பதிப்புகளில் பரவுமுன் அது தடுக்கப்பட்டது. வெளியுலகுக்கு 22ஆம் வாயில் மூடியிருக்கும் சர்வரை, இத்தகைய கள்ளவழியைக் கொண்டு இணையத்திலிருந்து நேரடியாக எட்ட முடியாது.

குறைகள்

முகவர் நிரல் நின்றுவிட்டால் செஷன் மேனேஜர் வழியே நுழைய இயலாது. இயங்குதளமே பழுதானால் சீரியல் கன்சோல் போன்ற வேறு வழி வேண்டும். அமேசான் ஈசி2 சர்வர்களுக்கு அதை 2021இல் அளித்தது. செஷன் மேனேஜரைச் சுரங்கப்பாதையாக்கி அதற்குள் எஸ்எஸ்எச்சை இயக்கினால், நுழைந்த செய்தி பதிவாகுமே தவிர, உள்ளே தட்டச்சு செய்த கட்டளைகள் பதிவாவதில்லை. மேகக் கணக்கின் அடையாளச் சான்றைத் திருடியவருக்கு, அந்தக் கணக்குக்கு அனுமதியுள்ள எல்லாச் சர்வர்களும் ஒரே நேரத்தில் திறந்துவிடும். ஆகவே இரண்டு படி சரிபார்ப்பும், தேவைக்கு மேற்படாத அனுமதியும் இன்றியமையாதவை.

இவற்றினும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. ஓபன்எஸ்எஸ்எச்சை எவரும் எந்தக் கணினியிலும் நிறுவிக்கொள்ளலாம். அதன் சாவி பயனரிடமே இருக்கும். புதிய கருவிகளில் கதவைத் திறப்பதும் மூடுவதும் மேகக் கணிமை நிறுவனத்தின் அடையாள அமைப்பின் கையில் உள்ளன. அந்த அமைப்பு இயங்காத நேரத்தில், சர்வர் நலமாக இருந்தாலும் அதன் உரிமையாளர் வெளியே காத்திருக்க நேரிடும். இதனால் கவனமுள்ள நிருவாகிகள் அன்றாடப் பணிக்கு இக்கருவிகளைப் பயன்படுத்தினாலும், நெருக்கடிக்கென மாற்று வழி ஒன்றை முன்னரே அமைத்துச் சோதித்து வைக்கின்றனர்.