தப்புச் செட்டுக்கு ஒரு பக்கம்

தோட்டத்தில் விழா மலர் ஒன்று வெளிவந்தால் அதில் கோயில் வரலாறு இருக்கும். பாடசாலை, வாசிகசாலை, விளையாட்டுக் கழகம், மரண உதவிச் சங்கம் என்று எல்லாவற்றுக்கும் பக்கம் ஒதுக்கி, தலைவர், செயலாளர் பெயர்களோடு புகைப்படமும் போடுவோம். தப்புச் செட்டுக்கு மட்டும் பக்கம் கிடைப்பதில்லை. மாரியம்மனுக்குக் கட்டடம் எழும்புமுன்பே தோட்டத்தில் தப்பு ஒலித்தது. பாடசாலைக்கும் தொழிற்சங்கத்துக்கும் அது மூத்தது. பதுளை, பசறை, மடுல்சீமை, லுணுகலை, ஹாலிஎல, ஹப்புத்தளை என்று ஊவாவின் எந்தத் தோட்டத்து வரலாற்றை எழுதப் புகுந்தாலும் முதல் அத்தியாயத்தில் வரவேண்டிய அமைப்பு தப்புச் செட்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்த மலரில் அந்த இடம் அதற்குக் கிடைத்திருப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

1820களில் இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கியபோது தமிழகத்துக் கிராமங்களிலிருந்து நம் முன்னோர் மன்னார் வழியாக மாத்தளை நோக்கிக் காட்டுப் பாதையில் நடந்தே வந்தார்கள். ஊவாவுக்கு வந்தவர்கள் அதற்கு மேலும் மலையேறினார்கள். பதுளைக்கு ரயில் வந்ததே 1924இல்தான். அந்த நடையில் கொண்டுவர முடிந்தது மூட்டை முடிச்சும் சாமி நினைவும் பாட்டும் தப்பும்தான். கோப்பி நோயில் அழிந்து தேயிலை வந்த பிறகும் தப்பு நிலைத்து நின்றது.

தப்பின் பயனைத் தோட்டத்துத் துரைமார் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். விடியுமுன் லயத்து வாசல்களில் ஒலித்தது பெரட்டுத் தப்பு. அது கேட்டதும் எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பெரட்டுக் களத்தில் போய் நிற்க வேண்டும். பிந்தினால் அன்றைய பேர் கிடைக்காது. நம் மக்கள் கவிமணி சி.வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதையிலும் விடியலை உலுக்கி எழுப்புவது தப்பின் ஒலிதான். சாமியை அழைக்க வந்த கருவியை ஆளை வேலைக்கு விரட்டும் கருவியாக்கினார்கள். பிற்பாடு சங்கும் மணியும் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. தப்பு மறுபடியும் முழுக்க நம்முடையதாயிற்று.

நம் வீடுகளில் தப்பு வராத நல்லது கெட்டது எது? சீர் வரிசை வரும்போது ஓர் அடி, பொண்ணு மாப்பிள்ளை அழைப்புக்கு வேறோர் அடி, கரகம் பாலிக்கும்போது ஒன்று, சாமி இறங்கும்போது ஒன்று, தேர் பாடை தூக்கும்போது இன்னொன்று. தூரத்து டிவிசனில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும் பெண் கூடையை இறக்காமலே, கீழே லயத்தில் நடப்பது சாவா சடங்கா என்று அடியை வைத்துச் சொல்லிவிடுவாள். எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்த காலத்தில் முழுத் தோட்டத்துக்கும் செய்தி கொண்டுபோனது அந்தத் தோல்தான்.

இதன் முழு வீச்சையும் காண வேண்டுமானால் மாசி மாதத்துக் காமன் கூத்துக்கு வர வேண்டும். அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். அன்றிலிருந்து பௌர்ணமியை ஒட்டி மதன் எரியும்வரை இரவெல்லாம் ஆட்டம். மதன், ரதி, தூதன், இந்திரன், வீரபத்திரன், எமன் என்று ஒவ்வொருவர் சபைக்கு வரும்போதும் அவரவருக்குரிய அடி உண்டு. ரதி வேடமும் ஆண்தான் கட்டுவார், விரதமிருந்து கட்டுவார்.

ஆட்டம் தொடங்குமுன் தப்புக்காரர்கள் செய்வதை அருகில் நின்று பார்க்க வேண்டும். மாசிப் பனியில் தோல் ஈரம் வாங்கித் தொய்ந்து போயிருக்கும். கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறை ஓரிடத்தில் குவித்துக் கொளுத்துவார்கள். மிலாறு புகையாமல் சடசடவென்று எரியும். தப்பை அதன் மேல் சாய்த்துப் பிடித்து, வட்டமாகத் திருப்பித் திருப்பி, இடையிடையே எடுத்து விரலால் சுண்டிக் காது கொடுப்பார்கள். கொஞ்சம் அதிகம் காய்ந்தால் தோல் வெடித்துவிடும். குறைந்தால் ஒலி எழாது. வளையத்தை இடது தோளோடு சாய்த்து, இடது கையில் மெல்லிய நீளக் குச்சி, வலது கையில் தடித்த அடிகுச்சி. ஒருவர் அடியைப் பிடித்துக்கொடுப்பார். மற்றவர்கள் அதற்குள் புகுந்து நிரப்புவார்கள். முன்னிற்பவர் அடியை மாற்றினால் கண்ணசைவு இல்லாமலே அத்தனை பேரும் மாறிவிடுவார்கள். பாடசாலையில் எழுதிப் படித்த சங்கீதம் இல்லை இது. அப்பன் அடிக்கக் கேட்டு மகன் பலகையில் தட்டிப் பழகியது.

இப்படிப்பட்ட கலைஞரை நாம் எப்படி நடத்தினோம் என்பதையும் இங்கே எழுதியாக வேண்டும். தப்பு அடிப்பது ஒரு சாதிக்குரிய தொழில் என்று ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கத்தைத் தோட்டத்திலும் விடவில்லை. ஒரே மலையில் கொழுந்து எடுத்து, ஒரே லயத்தில் குடியிருந்து, ஒரே துரைக்குப் பயந்து வாழ்ந்தவர்கள், சாவு வீட்டில் தப்படித்தவரைத் தள்ளி நிறுத்தினார்கள். அந்தத் தப்பு இல்லாமல் சாமி புறப்படாது; அடித்தவருக்குத் தனிக் குவளை. இந்த அவமானம் தாங்காமல்தான் படித்த பிள்ளைகள் பலர் அப்பாவின் தப்பை அட்டலில் போட்டுவிட்டார்கள். அவர்கள் மேல் குற்றமே இல்லை. ஒரு கலையை மதிப்பதும் அதைப் பிறப்போடு கட்டிப் போடுவதும் ஒருசேர நடக்க முடியாது.

இரண்டாவது அடி அரசியலால் விழுந்தது. 1948இல் குடியுரிமை பறிபோயிற்று. 1964இல் ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறிய குடும்பங்களோடு தப்புச் செட்டுகளும் பிரிந்தன. அண்ணன் அங்கே, தம்பி இங்கே. அடியைப் பிடித்தவர் நீலகிரிக்குப் போனார், நிரப்பியவர் நமுனுகுலவில் நின்றார். கூத்து வாத்தியார் போன தோட்டத்தில் அதன் பிறகு காமன் நிற்கவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது ஒரு தோட்டத்தின் மனிதர்களோடு அதன் நினைவுகளும் மண்ணுக்குள் போயின.

நம்மைப் போலவே தோட்டத்தில் அடிபட்ட இன்னொரு சனத்தின் கதையை இங்கே சொல்ல ஆசைப்படுகிறேன். ஜமெய்க்காவில் கரும்புத் தோட்டம். ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் 1838இல் முழு விடுதலை பெற்ற பிறகு, 1845இல் இந்தியாவிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளரையும் அங்கே கப்பலில் இறக்கினார்கள். அந்தத் தீவின் ஏழைகள், தலையில் சடை வளர்த்த ராஸ்தபாரி மக்கள், கொட்டும் பறையை மரியாதைப்பட்டவர்கள் காதால் கேட்கவும் விரும்பவில்லை. 1960 அளவில் கவுண்ட் ஒஸி என்ற பறைக் கலைஞரும் அவர் குழுவும் ஒரு பாட்டுக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் அடித்தார்கள். ஒதுக்கப்பட்ட அந்த அடி அன்று இசைத்தட்டுக்கு ஏறியது. அதே காலத்தில் கிங்ஸ்டன் நகரில் ஸ்கா பிறந்தது; அந்த வேர்களிலிருந்து 1968 அளவில் ரெகே வளர்ந்தது. தோட்டத்துச் சனத்தின் வாரிசுகள் அடித்த அடிக்கு உலகமே ஆடியது.

போலந்துக்கும் அது போய்ச் சேர்ந்தது. 1981 டிசம்பரில் அங்கே இராணுவச் சட்டம் வந்தது. வாய் திறக்க வழியில்லாத இளைஞர்கள் 1983இல் 'இஸ்ராயேல்' என்ற ரெகே குழுவைத் தொடங்கினார்கள். ரொபர்ட் பிரிலெவ்ஸ்கி அதன் முக்கிய கலைஞர். ஜமெய்க்காவின் அடிமைப் பாட்டில் அவர்கள் தங்கள் கதையைக் கேட்டார்கள். அதைவிட எனக்கு நெருக்கமானது 1990களின் தொடக்கத்தில் நடந்த ஒன்று. போலந்தின் தெற்கே தாத்ரா மலைகளில் ஆடு மேய்க்கும் மக்களின் இசையைத் தலைமுறையாக வாசித்துவரும் 'திரெபூனியா-துத்கா' என்ற குடும்பக் குழுவையும் ஜமெய்க்காவின் 'ட்விங்கிள் பிரதர்ஸ்' ரெகே குழுவையும் போலந்து வானொலியைச் சேர்ந்த ஒருவர் ஒன்றாக உட்கார வைத்தார். மலை வயலினும் மேய்ப்பர் குரலும் மாறாமல் அப்படியே நிற்க, அடியில் ரெகே ஓடியது. இசைத்தட்டுகளும் வந்தன. அந்த மலைக் குடும்பம் தன் சட்டையைக்கூட மாற்றிக்கொள்ளவில்லை. தங்கள் வயலினோடு மேடையேறி மரியாதை பெற்றார்கள்.

நம் நாட்டிலும் தமிழில் இப்படி ஒரு பொப்பிசைக் காலம் இருந்தது. நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் கிற்றாரோடு வந்து, பைலாவின் துள்ளலைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். மனோகரனின் 'சுராங்கனி' கடல் தாண்டித் தமிழகத் திரைப்படத்துக்குள்ளும் போனது. 2018இல் சென்னையில் காலமாகும்வரை அவர் பெயரோடு அந்தப் பாட்டு ஒட்டியே இருந்தது. நம் கலியாண வீட்டு ஒலிபெருக்கிகளும் அதை ஓயாமல் பாடின. வெளியே ஒலிபெருக்கி, வாசலில் தப்பு. இரண்டும் ஒரே பந்தலில் இருந்தும் ஒன்றோடொன்று பேசவில்லை. அந்தச் சந்திப்பை நடத்திவைக்க நமக்கு ஒரு வானொலிக்காரர் வாய்க்கவில்லை.

இப்போது நிலைமை மெல்ல மாறுகிறது. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் வந்த தடத்தில் நம்மவர் மறுபடி நடந்தபோது, மலையகத்தார் என்ற பெயரைத் தலைநிமிர்ந்து சொல்லும் ஒரு தலைமுறை வந்துவிட்டது தெரிந்தது. தப்பைத் தோளில் மாட்டிக்கொள்ளும் இளைஞர்கள், பெண்பிள்ளைகள்கூட, ஆங்காங்கே தெரிகிறார்கள். சாதி பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளும் தொட்டால்தான் தப்பின் மேலிருக்கும் அழுக்கு போகும்.

ஆகவே இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் தோட்டத் தலைவர்மாரிடமும் கோயில் கமிட்டியாரிடமும் பாடசாலை அதிபர்களிடமும் என் வேண்டுகோள் இது. உங்கள் டிவிசனில் தப்படிக்கும் பெரியவர் ஒருவராவது இன்னும் இருப்பார். அடுத்த மாசிக்கு முன் அவர் வீட்டுக்குப் போய், அவருக்குத் தெரிந்த ஒவ்வோர் அடியையும் கையிலிருக்கும் போனிலாவது பதிவு செய்யுங்கள். எந்த அடி எதற்கு, யாரிடம் பழகினார் என்பதையும் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். கலை விழாவுக்கு அழைக்கும்போது சாராயப் போத்தலோடு அனுப்பி வைக்காமல், மேளக்காரருக்குப் பேசுவதுபோல் கூலி பேசி, சமமாக உட்கார வைத்துச் சோறு போட்டு, மேடையில் பெயரைச் சொல்லுங்கள். பாடசாலையில் கிழமைக்கு ஒரு பாடவேளை அவருக்குக் கொடுங்கள். அடுத்த விழா மலர் வரும்போது தலைவர், செயலாளர் படங்களுக்குப் பக்கத்தில் தப்புச் செட்டின் படமும் அவர்கள் பெயர்களும் அச்சாக வேண்டும்.