ஒரு வாசகம், 35 ஆண்டுகள்

கருவில் இருக்கும் சிசுவின் உயிரும் தாயின் உயிரும் சமம். கேட்பதற்கு நியாயமான பேச்சுதான். அதையே நாட்டின் அரசியலமைப்பில் எழுதி வைத்தால் என்ன ஆகும்? இதற்கு அயர்லாந்தின் வரலாறு விடை சொல்கிறது, நேயர்களே.

பிரிட்டிஷார் காலத்து 1861ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே கருக்கலைப்பு ஏற்கெனவே குற்றம். ஆனால், 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைப் பெண்ணின் உரிமை என்று தீர்ப்பளித்ததும், கத்தோலிக்கர்கள் நிறைந்த அயர்லாந்தில் அச்சம் எழுந்தது. நாளை நம் நீதிபதிகளும் இப்படிச் சொல்லிவிட்டால்? சிசுவின் உயிருரிமையை அரசியலமைப்பிலேயே சேர்க்க வேண்டும் என்று இயக்கம் தொடங்கினார்கள்.

அப்போதைய சட்டத்துறைத் தலைவர் பீட்டர் சதர்லாண்ட் எச்சரித்தார். இந்த வாசகம் தெளிவாக இல்லை. தாயைக் காப்பாற்ற வேண்டிய மருத்துவர், தன்னால் எதுவும் செய்ய முடியாது என்று முடிவெடுக்க நேரிடலாம் என்றார். அது எடுபடவில்லை. 1983 செப்டம்பரில் நடந்த பொது வாக்கெடுப்பில் சுமார் 67 விழுக்காட்டினர் ஆதரித்தனர்.

முதல் சோதனை 1992இல் வந்தது. பாலியல் வன்முறையால் கருவுற்ற 14 வயதுச் சிறுமி, கருக்கலைப்புக்காக நாட்டை விட்டு வெளியேற உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அவள் தற்கொலை செய்துகொள்ளும் அபாயம் இருந்ததால் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது. அந்தத் தீர்ப்புக்கு ஏற்ற சட்டத்தை இயற்ற அரசியல்வாதிகள் 2013 வரை துணியவில்லை.

அதற்குள் 2012 அக்டோபரில் சவிதா ஹலப்பனவர் கால்வே நகர மருத்துவமனையில் இறந்தார். கர்நாடகத்தின் பெல்காமைச் சேர்ந்த 31 வயதுப் பல் மருத்துவர். 17 வாரக் கர்ப்பிணி. கரு நிலைக்காது என்று தெரிந்தும், அதன் இதயம் துடித்துக்கொண்டிருந்ததால் அவர் கேட்ட கருக்கலைப்பு மறுக்கப்பட்டது. இரத்தத்தில் கிருமித்தொற்று பரவியது. கண்காணிப்பிலும் குறைகள் இருந்ததாக விசாரணை கூறியது. ஆனால், சட்டத்தைப் பற்றிய தயக்கமும் ஒரு காரணம் என்பதை அது மறைக்கவில்லை.

2018 மே 25ஆம் தேதி மீண்டும் வாக்கெடுப்பு. இம்முறை 66.4 விழுக்காட்டினர் அந்த வாசகத்தை நீக்கச் சொன்னார்கள். 2019 முதல் 12 வாரம் வரை கருக்கலைப்புக்கு அனுமதி உண்டு.

அவ்வளவு பேரும் சிசுவின் உயிரை அற்பமாக நினைத்தார்கள் என்று சொல்வது நியாயமாகாது. 1983இல் வாக்களித்தவர்களும் தாய் இறக்கட்டும் என்று நினைக்கவில்லை.

மலேசியாவிலும் பிரிட்டிஷார் காலத்து வழிவந்த குற்றவியல் சட்டம்தான். அதன் 312ஆம் பிரிவு 1989இல் திருத்தப்பட்டது. தாயின் உயிருக்கோ, உடல், மன நலத்துக்கோ உள்ள ஆபத்தை மருத்துவர் நல்லெண்ணத்துடன் எடைபோட அது இடம் தருகிறது.

கருக்கலைப்பை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: நாம் எழுதும் சட்டத்தை, நள்ளிரவில் ஒரு நோயாளியின் அருகே நிற்கும் மருத்துவர் எப்படிப் புரிந்துகொள்வார்?