தொதல்: அடுக்களை தரும் வரலாற்றுச் சான்று

ஏடுகளில் மட்டுமன்றி அடுக்களையிலும் வரலாறு வாழ்கிறது என்பதற்குத் தொதல் தக்க சான்றாகும். ஜாவாவிலும் மலாய் நாட்டிலும் ‘டொடொல்’ என வழங்கும் பண்டமே அது.

ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில் (1658–1796) மலாய் மக்கள் போர்வீரராகவும் நாடுகடத்தப்பட்டோராகவும் இலங்கைக்குக் கொணரப்பட்டனர். தொதலும் அவர்களுடன் வந்ததெனக் கருதப்படுகிறது. 1708இல் சரணடைந்த ஜாவாவின் மாத்தாராம் அரசன் மூன்றாம் அமங்குராத்தும் அவ்வாறு நாடுகடத்தப்பட்டவனே. அவன் பெயரை ஏடுகள் பேணின. அடுக்களைப் பெண்டிரின் பெயர்களைப் பேணவில்லை.

எனினும், அரிசிமா, தேங்காய்ப்பால், கித்துள் கருப்பட்டி ஆகியவற்றைத் தாச்சியிலிட்டு, அடிப்பிடியாது மணிக்கணக்கிற் கிளறி, எண்ணெய் கக்கித் திரளும் பதத்தில் இறக்கும் அறிவைத் தலைமுறைதோறும் கையளித்தவர்கள் அப்பெண்டிரே. இன்று சிங்களவரின் புத்தாண்டிலும் முஸ்லிம்களின் பெருநாளிலும் தொதல் இடம்பெறுகிறது. எழுதப்படாத அவ்வறிவைச் சான்றாகக் கொள்ளாத வரலாறு முழுமையுறாது.