லாஸியின் மகன் போருக்குப் போன கதை

1943ஆம் ஆண்டு எம்.ஜி.எம். நிறுவனம் வெளியிட்ட 'லாஸி கம் ஹோம்' திரைப்படத்தை நாயின் விசுவாசம் பற்றிய படமாகவே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் அதன் அடித்தளம் வறுமை. பிழைக்க வழியற்ற யார்க்‌ஷயர்க் குடும்பம் ஒன்று தன் கோலி நாயைப் பிரபுவுக்கு விற்கிறது. ஸ்காட்லாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட லாஸி, சிறுவன் ஜோவைத் தேடி நடந்தே ஊர் திரும்புகிறது. மூலநாவலை எழுதிய எரிக் நைட், யார்க்‌ஷயரில் பிறந்து இளமையிலேயே ஆலைகளில் உழைத்தவர். அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய அவர், படம் திரைக்கு வருமுன்பே, 1943 ஜனவரியில் விமான விபத்தில் மாண்டார்.

எஸ். சில்வன் சைமன் இயக்கிய 'சன் ஆஃப் லாஸி' 1945இல் வந்தது. ஜோ இப்போது விமானப்படை வீரன். நடித்தவர் பீட்டர் லாஃபோர்ட். முதல் படத்தில் லாஸியாக நடித்த பால் என்னும் ஆண் நாயே இதில் மகன் லாடியாக நடித்தது. பிரபுவின் பண்ணை போர்நாய்ப் பயிற்சிக் களமாகிறது. லாடியோ ஜோவைப் பின்தொடர்ந்து விமானத்தில் ஏறி, நாஜிகள் வசமிருந்த நார்வேயில் அவனுடன் பாராசூட்டில் இறங்குகிறது.

படத்தின் பலம், நார்வேயாக வேடமிட்ட கனடாவின் மலைகளும், பாலின் அசாத்தியமான நடிப்பும் மட்டுமல்ல. எதிரிகள் லாடியின் அன்பையே ஆயுதமாக்கி ஜோவைத் தேடும் பகுதிதான் நம்மைத் தொடுகிறது. முதல் படத்தில் வீடு சேர்த்த விசுவாசம் இங்கே எஜமானனைக் காட்டிக்கொடுக்கும் ஆபத்தாகிறது. நாய் அறியாத குற்றம் அது.

பலவீனமும் அங்கேயே தொடங்குகிறது. தான் எழுப்பிய கேள்விக்கு அஞ்சியதுபோல், படம் தப்பித்தல், துரத்தல் என்ற பழகிய தடத்துக்கு ஓடிவிடுகிறது. பசியும் வேலையின்மையும் இருந்த இடத்தில் பிரச்சாரம் அமர்ந்துகொள்கிறது. லாஸியின் நடையை ஒவ்வொரு மைலிலும் நாம் உணர்ந்தோம். லாடியின் சாகசங்களைப் பார்க்க மட்டுமே செய்கிறோம்.

விடுபட்ட கேள்வியை 1946இல் வந்த 'கரேஜ் ஆஃப் லாஸி' கையிலெடுத்தது. அதில் பால் நடித்த பில் என்னும் நாய், போரிலிருந்து மனம் சிதைந்து திரும்பிக் கால்நடைகளைத் தாக்கி விசாரணைக்கு உள்ளாகிறது. ஐரோப்பாவில் போர் முடியச் சில வாரங்கள் முன்பு வெளியான லாடியின் படம் அதைப் பேசியிருக்க இயலாது. வென்றாக வேண்டிய காலத்தில் காயங்களை எண்ண எவருக்கும் பொழுதில்லை.